மழைக்கு மறுநாள் எந்தக் காட்டுக்குப் போவது?

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் பூமி. எங்கள் ஊரில் காடு என்றால் பருத்தியும் கம்பும் விளைகிற நிலம். மழை பெய்த மறுநாள் அப்பா காட்டுக்கு வண்டி கட்ட மாட்டார். "மண்ணு காலைப் புடிச்சுக்கிடும், இன்னிக்கு வேண்டாம்" என்பார். அதை மீறிப் போனால் பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு செருப்பிலும் ஒரு படி மண் அப்பியிருக்கும்.

இதையெல்லாம் சுத்தமாக மறந்துவிட்டுத்தான் இங்கிலாந்தில் எங்கள் முதல் நடையைத் தொடங்கினோம். நாங்கள் இருப்பது லண்டனுக்குத் தென்கோடியில், சட்டன். மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது. டார்க்கிங் என்ற ஊருக்குத் தெற்கே வயல்வெளி வழியாக 4 மைல், 'எளிது, குடும்பத்துக்கு ஏற்றது' என்று ஒரு கையேட்டில் போட்டிருந்தது. நவம்பர் மாதம், முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. அரை மைல் போவதற்குள் புஷ்சேர் என்கிற குழந்தைத் தள்ளுவண்டியின் சக்கரங்களில் களிமண் இறுகி, சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. கணவர் புஷ்சேரைத் தலையில் தூக்கிக்கொண்டார், நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு இருட்டிவிட்டது. என் கேன்வாஸ் ஷூவில் ஒன்று இன்னும் அந்த வயலுக்குள்தான் கிடக்கும்.

கையேடு எழுதியவர் அங்கே ஜூலையில் நடந்திருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றிலிருந்து எங்கே போவது என்று முடிவு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது மண்ணை. காட்சி, கஃபே, தூரம் எல்லாம் அப்புறம்தான்.

மண்ணைப் பார்ப்பது எப்படி

லண்டனுக்குத் தெற்கே உள்ள நிலத்தை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்து, மேல் பக்கத்தைச் சீவிவிட்டால் வளையம் வளையமாகத் தெரியும் அல்லவா? அந்தப் பகுதியின் நிலம் அப்படித்தான். ஒரு காலத்தில் மேடாக எழுந்த பாறை அடுக்குகளின் மேல்பகுதி தேய்ந்து போய்விட்டது. வெளி வளையம் சுண்ணாம்புக் குன்றுகள்: வடக்கே நார்த் டவுன்ஸ், தெற்கே கடலோரம் சவுத் டவுன்ஸ். அதற்கு உள்ளே கிரீன்சாண்ட் என்னும் மணற்கல் மேடுகள். அதற்கும் உள்ளே வீல்ட் என்கிற களிமண் தாழ்வு நிலம். நடுவில் மறுபடி மணல் மேடு ஒன்று உண்டு, அது நமக்கு இப்போது வேண்டாம்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் வீல்ட் களிமண் கரிசல். பத்து நாள் வெயில் அடித்த பிறகு மட்டும் போகலாம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பரவாயில்லை. கிரீன்சாண்ட் நம்முடைய தேரிக்காடு மாதிரி: தண்ணீர் விழ விழ உள்ளே இறங்கிவிடும். நேற்று கொட்டியிருந்தாலும் இன்றைக்கு நடக்கலாம். சுண்ணாம்பு இரண்டுக்கும் நடுவே. தண்ணீர் தங்காது, ஆனால் சரிவில் ஈரம் பட்டால் சோப்பு போட்ட அம்மிக்கல் மாதிரி வழுக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். அதனால் சுண்ணாம்புக் குன்றில் ஈர நாளில் நடந்தால், செங்குத்தான பக்கம் ஏறி, சாய்வான பக்கம் இறங்குகிற மாதிரிப் பாதையைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

முதல் நடைக்கு பாக்ஸ் ஹில்

கார் இல்லாதவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. விக்டோரியாவிலிருந்து சட்டன், எப்சம் வழியாக டார்க்கிங் போகிற ரயிலில் 'பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள்' என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது. அதற்கு மேல் என்றால் ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் ரயில்கார்டு வாங்கிவிடுங்கள். பெரியவர் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகள் கட்டணத்தில் 60 சதவீதமும் குறையும்.

ஸ்டேஷனிலிருந்து இறங்கினால் ஏ24 சாலை வரும். கார்கள் பறக்கும். பிள்ளைகளோடு குறுக்கே ஓட நினைக்காதீர்கள், அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது. தாண்டியதும் மோல் ஆறு. ஆறு என்றால் நம் ஊர் ஓடை அளவுதான். அதில் வரிசையாகக் கல் போட்டிருப்பார்கள், கல்லுக்குக் கல் தாண்டி அக்கரை போக வேண்டும். பிள்ளைகள் இந்த ஒரு விஷயத்துக்காகவே மறுபடி வருவார்கள். எங்கள் சின்னவனுக்கு இப்போது ஆறு வயது. ஒரு தடவை தாண்டினால் போதாது, திரும்பி வந்து மறுபடி தாண்டுவான், எதிரே வருகிறவர்கள் எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் கற்கள் முழுகியிருக்கும். அப்போது பக்கத்திலேயே உள்ள நடைபாலத்தில் போங்கள். 'ஒரு கல்தானே முழுகியிருக்கு' என்று இறங்காதீர்கள், இழுப்பு அதிகம்.

ஆற்றைத் தாண்டியதும் படிகள், 200-க்கும் மேல். திருப்பரங்குன்றம் எல்லாம் பார்த்த நமக்குப் படி பெரிதில்லை, ஆனால் இவை மண்ணில் மரக்கட்டை பதித்த படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். புஷ்சேர் ஏறாது. கைக்குழந்தை இருந்தால் முதுகில் கட்டும் கேரியர் வேண்டும், அல்லது காரில் நேரே மேலே போய்விட வேண்டும். கார் ஏறும் அந்த வளைவுச் சாலையில்தான் 2012 ஒலிம்பிக் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க சைக்கிள்காரர்கள் இருப்பார்கள், பொறுமையாக ஓட்டுங்கள்.

மேலே குன்றின் உச்சி 224 மீட்டர். சாலமன்ஸ் நினைவு மேடையில் நின்றால் டார்க்கிங்கும் அதற்கு அப்பால் களிமண் நிலமும் பரந்து கிடக்கும். நாங்கள் புஷ்சேரோடு மாட்டிக்கொண்ட வயலை நான் இன்னும் கணவருக்கு அங்கிருந்து காட்டுவேன். சாலமன்ஸ் என்பவர் 1914-ல் இந்தக் குன்றை விலைக்கு வாங்கி நாட்டுக்கே கொடுத்துவிட்டார். இப்போது நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது. நடக்கக் கட்டணம் இல்லை, கார் நிறுத்தத்தான் காசு.

மேலேயே மரங்களுக்குள் லாபிலியர் என்ற ராணுவ மேஜருக்கு ஒரு கல் உண்டு. 1800-ல் இறந்த அவரை, அவர் கேட்டுக்கொண்டபடியே தலைகீழாகப் புதைத்தார்கள். உலகமே தலைகீழாகக் கிடக்கிறது, கடைசியில் தான் ஒருவனாவது நேராக இருப்போம் என்பது அவர் கணக்காம். நடக்க மாட்டேன் என்று பிள்ளை உட்கார்ந்துவிட்டால் இந்தக் கதையைப் பாதி சொல்லி நிறுத்துங்கள். மீதி அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய்ச் சொல்லுவேன் என்றால் எழுந்து வருவார்கள்.

சுண்ணாம்புப் பாதையில் சிக்கிமுக்கிக் கற்கள் கிடக்கும். வெளியே வெள்ளைத் தோல், உடைந்த இடத்தில் கருப்பாகக் கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஓரம் கத்தி போல இருக்கும், சின்னப் பிள்ளைகள் கையில் எடுத்தால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு ஜன்னலோரம் இப்படி ஏழெட்டுக் கல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு.

பிள்ளை நடக்கிற தூரம்

மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். பிள்ளைகளோடு போகும்போது அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளை இருந்தால் மணிக்கு ஒரு மைல் என்பது என் கணக்கு. குச்சி பொறுக்குவது, குட்டையில் குதிப்பது, நத்தையைப் பார்ப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆக இரண்டரை மைல் என்றால், சாப்பாட்டோடு சேர்த்து மூன்றரை மணி நேரம். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பதினொன்றரைக்குக் கிளம்பலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், அப்போது மதியச் சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டுக்கூடப் போகலாம்.

கார் என்றால் பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள். நல்ல வெயில் ஞாயிற்றுக்கிழமையில் பெயர் பெற்ற இடங்களின் கார் பார்க்குகள் எல்லாம் அதற்கு மேல் நிரம்பிவிடும்.

வழிக்கு போன் போதும் என்று நினைக்க வேண்டாம், பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை எக்ஸ்ப்ளோரர் வரைபடம் ஒன்று வாங்குங்கள். டார்க்கிங், பாக்ஸ் ஹில் பகுதிக்கு எண் 146. நீலக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர், பழுப்புக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து. பச்சைக் கோடுகள் பொதுவழிகள், அவை தனியார் வயல் நடுவே போனாலும் நடக்க நமக்கு உரிமை உண்டு. இதை நம்ப எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஒருவர் நிலத்துக்குள் கேட்டைத் திறந்துகொண்டு போகும்போது யாராவது "ஏய்" என்று கூப்பிடுவார்களோ என்று முதுகு கூசும். யாரும் கூப்பிட்டதில்லை, எதிரே வந்த விவசாயி 'மார்னிங்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பத்தில் மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பில் குதிரையும் சைக்கிளும் வரும். குளிர்காலத்தில் நீல அம்புப் பாதையைக் குதிரைக் குளம்புகள் உழுது வைத்திருக்கும். இரண்டில் ஒன்று என்றால் மஞ்சளைத் தேர்ந்தெடுங்கள். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள், மூடியிருந்தால் மூடி, திறந்திருந்தால் திறந்தே.

மாடு இருக்கிற வயல் வந்தால் கொஞ்சம் கவனம். நம் ஊர் மாதிரி "ஹை, ஹை" என்று தட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். இங்கே மாடுகள் மனிதர் கையில் வளர்வதில்லை, கூட்டமாக மேய்ச்சலில் கிடப்பவை. கன்று கூட இருந்தால் எங்கே வேண்டுமானாலும் முட்ட வரும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாமல், பிள்ளைகளை ஓடவிடாமல், ஓரமாக ஒதுங்கிச் சுற்றிப் போங்கள்.

சாப்பாடு

பப்பில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கிராமத்துப் பப்களில் பல, மதியம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு மாலை ஆறுக்குத்தான் திரும்பப் பற்றவைக்கும். நாம் சேற்றோடு போய்ச் சேர்வது சரியாக இரண்டே முக்காலுக்கு.

நான் கொண்டு போவது மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. ஆறினாலும் கெடாது, ஸ்பூன் வேண்டாம், குளிரில் விறைத்த கையாலும் எடுத்து வாயில் போடலாம். புளியோதரை ருசிதான், ஆனால் குளிரில் சோறு விறைத்துத் தொண்டையில் ஒட்டும். தயிர்சாதம் கோடைக்கு. பிளாஸ்க்கில் டீ கட்டாயம், பிள்ளைகளுக்குத் தனி பிளாஸ்க்கில் சூடான ரசம். ஆம், ரசம். பாக்ஸ் ஹில் பெஞ்சில் உட்கார்ந்து ரசம் குடிக்கிறபோது பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி வாசனை பிடித்து, என்ன சூப் என்று கேட்டார். ஒரு மூடி கொடுத்தேன். இருமிக்கொண்டே 'லவ்லி' என்றார்.

அத்தை ஊரிலிருந்து வந்திருந்தபோது அவர்களை டார்க்கிங் பக்கம் இருக்கும் லீத் ஹில்லுக்குக் கூட்டிப் போனோம். புடவை, மேலே என் ஜாக்கெட், காலில் மூத்தவளின் பழைய ஸ்னீக்கர். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. மேலே போய் உட்கார்ந்ததும், "ஏம்மா, இம்புட்டுக் காடு இருக்கு, மலை இருக்கு, ஒரு சாமியக் காணோமே?" என்றார்கள். சாமி இல்லை, கோபுரம் உண்டு. 294 மீட்டர் உயர மலை 1000 அடிக்குக் கொஞ்சம் குறைகிறதே என்று ரிச்சர்ட் ஹல் என்பவர் 1765 வாக்கில் கட்டியது. அவரையும் அதன் அடியிலேயே புதைத்திருக்கிறார்கள். "அப்ப சமாதிக் கோயில்தான்" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லீத் ஹில் முழுக்க மணல் பூமி. மழைக்கு மறுநாள் தாராளமாகப் போகலாம்.

பொறுக்கலாம், தொடக்கூடாது

ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் லீத் ஹில் பக்கத்துக் காடுகளில் தரையெல்லாம் நீலமாக புளூபெல் பூத்திருக்கும். போட்டோவுக்காகப் பிள்ளையைப் பூவுக்கு நடுவில் உட்கார வைக்காதீர்கள். மிதிபட்ட செடி தேறி வர வருடக்கணக்கில் ஆகும். பாதையில் நிற்கவைத்து, கேமராவைத் தாழ்வாகப் பிடித்தால் பூவுக்குள் நிற்கிற மாதிரியே இருக்கும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் பிளாக்பெரி. வீட்டுக்கு வேண்டிய அளவு பறிக்கலாம். நாய்கள் போகிற பாதை என்பதால் முழங்காலுக்கு மேலே உள்ளதை மட்டும்.

அக்டோபரில் செஸ்ட்நட். இதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் இரண்டு மரம் உண்டு, ஒன்று தின்கிறது, இன்னொன்று விஷம். தின்கிற ஸ்வீட் செஸ்ட்நட்டின் மேலோடு குட்டி முள்ளம்பன்றி மாதிரி, ஊசி ஊசியாக விரல் வைக்க இடமில்லாமல் இருக்கும். ஷூவால் இரண்டு பக்கமும் மிதித்துப் பிளக்க வேண்டும். உள்ளே இரண்டு மூன்று கொட்டை, ஒரு பக்கம் தட்டை, நுனியில் சின்னக் குடுமி. இலை நீளமாக, தனித்தனியாக, ஓரம் ரம்பம் போல. விஷமான ஹார்ஸ் செஸ்ட்நட்டின் மேலோடு நம் ஊமத்தங்காயை நினைவூட்டும், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டை முள். கொட்டை உருண்டை, வழுவழுப்பு, குடுமி கிடையாது. இலை விரித்த கை மாதிரி ஐந்து அல்லது ஏழு விரல். குடுமி இல்லாவிட்டால் தின்னாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, தோலில் கத்தியால் ஒரு கீறல் போட்டுச் சுடுங்கள், கீறாமல் போட்டால் வெடிக்கும். ருசி அப்படியே பலாக்கொட்டை.

செந்தட்டி மாதிரி அரிக்கிற நெட்டில் செடி பாதையோரமெல்லாம் இருக்கும், அரிப்பு தானாக அடங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது உண்ணி. புல்லிலும் பெரணியிலும் எள்ளளவில் இருக்கும், சில உண்ணிகள் லைம் என்ற நோயைப் பரப்பும். பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெய், நெருப்பு என்று நம் ஊர் வைத்தியம் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், மெதுவாக நேரே இழுக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்து படர்ந்தால் டாக்டரிடம் போங்கள்.

இன்னும் சில இடங்கள்

ஹைண்ட்ஹெட் பக்கம் டெவில்ஸ் பஞ்ச் பௌல், இதுவும் மணல் பூமி. பெரிய கிண்ணம் போன்ற பள்ளம். அதன் விளிம்பிலேயே ஏ3 நெடுஞ்சாலை ஓடிக்கொண்டிருந்தது. 2011-ல் அடியில் சுரங்கம் திறந்த பிறகு பழைய சாலையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ரோடு இருந்த இடத்தில் இப்போது புல்லும் ஹெதர் என்ற குட்டைப் புதரும். ஆகஸ்டில் ஊதா நிறமாக இருக்கும். மூத்தவளுக்கு மிகப் பிடித்த இடம்.

புஷ்சேர்தான் வழி என்றால் பக்கிங்ஹாம்ஷயரில் பர்ன்ஹம் பீச்சஸ். உள்ளே கார் வராத தார்ச்சாலைகளிலேயே ஒரு சுற்று நடக்கலாம். 1880 முதல் சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் வைத்திருக்கிறது. அங்குள்ள கிழட்டு பீச் மரங்கள் ஆள் உயரத்தில் குண்டாக, பொந்தும் முண்டுமாக இருக்கும். விறகுக்காகப் பல நூறு வருடம் தலையை மட்டும் வெட்டி வெட்டி வளர்த்ததால் வந்த உருவம். தரையோடு வெட்டினால் தளிரை மாடு தின்றுவிடும் என்பதால் அந்த உயரம்.

நியூ ஃபாரஸ்ட்டுக்கு வாட்டர்லூவிலிருந்து பிராக்கன்ஹர்ஸ்ட் வரை ரயில் உண்டு. ஊருக்குள்ளேயே மட்டக்குதிரைகள் திரியும். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் உண்டு, தீனி போடக்கூடாது, தொடக்கூடாது. காரில் போனால் ரைன்ஃபீல்டில் டால் ட்ரீஸ் டிரெயில், ஒன்றரை மைல், புஷ்சேர் போகும். இலையுதிர் காலத்தில் பன்றிகளையும் அவிழ்த்து விடுவார்கள், குதிரைக்கு விஷமான ஓக் கொட்டைகளை அவை தின்று தீர்ப்பதற்காக. பளிச்சென்ற பச்சையாகத் தட்டையாக ஓர் இடம் தெரிந்தால் அது புல்வெளி இல்லை, சதுப்பு. கால் வைக்காதீர்கள்.

கடல் வேண்டுமென்றால் செவன் சிஸ்டர்ஸ். லண்டனுக்குள் அதே பெயரில் ஓர் அண்டர்கிரவுண்ட் ஸ்டேஷன் இருக்கிறது, சாட்நாவில் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். பிரைட்டனிலிருந்து 12-ஆம் எண் பஸ்ஸில் எக்ஸீட்டில் இறங்கினால், கக்மியர் ஆற்றோரமாகச் சமதளத்தில் ஒரு மைல் போல நடந்து கடற்கரைக்குப் போய்விடலாம். மேலே வெள்ளைப் பாறை விளிம்புக்குச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டு போகாதீர்கள். அந்தச் சுண்ணாம்பு எந்த அறிவிப்பும் இல்லாமல் சரியும். அடிவாரத்தில் பாறையை ஒட்டி உட்காருவதும் கூடாது.

ரயிலில் போகிறவர்கள் பையில் ஆளுக்கு ஒரு மாற்று சாக்ஸும், காலி மளிகைப் பை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஏறுமுன் பிளாட்பாரத்திலேயே சேற்று ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுவிடலாம். வீட்டுக்கு வந்ததும் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, வாசல் பக்கம் காற்றில் வையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ரேடியேட்டர் மேல் வைத்தால் தோல் வெடித்துவிடும். ஒரு ஜோடி எனக்கு அப்படித்தான் போனது.